ஆழம் தேடி நடந்த துறைமுகம்

தூத்துக்குடிக் கடலில் அலை இல்லை. மெரினாவிலும் கன்னியாகுமரியிலும் அலை பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இது கடலா கண்மாயா என்று முதலில் தோன்றும். பனிமய மாதா பேராலயத்துக்கு எதிரே, கடற்கரைச் சாலையின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பளவுகூட வராத நீரில் இரண்டு சிறுவர்கள் வெகுதூரம் நடந்து போனார்கள். போகப் போகக் கடல் அவர்களின் முழங்காலைத் தாண்டவே இல்லை. கிழக்கே இலங்கைத்தீவு, நடுவில் மன்னார் வளைகுடாவின் குட்டித் தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். இத்தனையும் காவல் நிற்கும்போது கரைக்கு வந்து சேரும் அலைக்கு வேகம் ஏது?

மதுரையிலிருந்து நண்பரின் காரில் பங்குனி வெயிலில் வந்து இறங்கியிருந்தோம். மூன்று நாள் பயணம். முதலில் போட்ட திட்டம் எளிமையானது: தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, திரும்ப மதுரை. எல்லாரும் போகும் வழி. அந்தத் திட்டத்தை மாற்றியவர் பழைய துறைமுகத்தில் நாங்கள் சந்தித்த ஒரு முதியவர்.

அவர் தோணித் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். தோணிக்குத் தலைவனைத் தூத்துக்குடியில் தண்டல் என்பார்கள். நண்பரின் அப்பாவுக்குப் பழக்கம் என்பதால், பழைய துறைமுகத்தில் தோணி நிற்கும் இடம்வரை எங்களை அழைத்துப்போனார். மரத்தில் கட்டிய பெரிய தோணி ஒன்றில் வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. போகும் ஊர் மாலத்தீவு. ஒரு காலத்தில் பாய் விரித்து ஓடியவை. இப்போது இன்ஜின் வைத்தவை. ஆனாலும் உடம்பு மரம்தான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சை வைத்து அடைத்திருப்பதை விரலால் தொட்டுப் பார்த்தேன். தென்மேற்குக் காற்று கிளம்பும் வைகாசி, ஆனி மாதங்களில் இவை கடலுக்குப் போவதில்லை. அதற்குள் இன்னும் ஒரு நடையாவது போய்வர வேண்டுமென்ற அவசரம் அந்தச் சுமை தூக்குகிறவர்களின் நடையிலேயே தெரிந்தது.

"இங்க கப்பல் கரைக்கு வராது தம்பி. நாமதான் கப்பலத் தேடிப் போவணும்" என்றார் பெரியவர். "எங்க அப்பா காலத்துல கப்பல் அங்கன வெலங்க, பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். சரக்க எல்லாம் வள்ளத்துலயும் தோணியிலயும் ஏத்திக் கொண்டு போயி குடுப்போம். ஆழம் கிடையாதுல்லா?"

வெலங்க என்றால் கரையிலிருந்து விலகிய ஆழ்கடல். அவர் கை நீட்டிய திசையில் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது.

"உங்களுக்கு இதே ஊரா ஐயா?" என்று கேட்டேன்.

"நான் பொறந்தது இங்கதான். பாட்டன் பூட்டன் எல்லாம் புன்னக்காயல். அதுக்கு முந்தி கொற்கைன்னு சொல்லுவாவ."

இந்த ஒரு பதிலைத்தான் அடுத்த இரண்டு நாளும் நாங்கள் வழிகாட்டியாக வைத்துக்கொண்டோம். தூத்துக்குடி, புன்னைக்காயல், கொற்கை. ஒரு குடும்பம் வீடு மாறிய கதையாக அவர் சொன்னது உண்மையில் ஒரு துறைமுகம் இடம் மாறிய கதை. தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கும். பழைய துறை தூர்ந்துபோகும். மனிதர்கள் ஆழம் இருக்கும் இடத்துக்குப் போய்ப் புதுத் துறை கட்டுவார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக இந்தக் கரையில் நடப்பது இதுதான். பாண்டியரின் கொற்கை, அதன்பின் காயல், அதன்பின் புன்னைக்காயல், கடைசியில் ஆற்று முகத்துக்கு வடக்கே விலகி நிற்கும் தூத்துக்குடி. நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் இந்தத் தொடர்ச்சியை ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று அன்று இரவே முடிவு செய்தோம்.

ஆனால் அதற்கு முன் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பேராலயத்தின் வெள்ளை முகப்பு கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மாதாவின் சுரூபம் மணிலாவிலிருந்து 1555இல் கப்பலேறி வந்தது என்பது மரபு. இப்போதைய கோயில் 1713இல் எழுந்தது. 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 5 திருவிழாவன்று ஊரில் சாதி, மதம் பார்த்து யாரும் ஒதுங்கி நிற்பதில்லை என்று நண்பர் சொன்னார். அவர் இந்து. சின்ன வயதில் பத்து நாளும் இங்கேதான் கிடந்திருக்கிறார். சற்றுத் தள்ளி 1750இல் டச்சுக்காரர்கள் கட்டிய தேவாலயம். 1530களில் போர்ச்சுகீசியர், 1658இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்த கரை இது. எல்லாருக்கும் வேண்டியிருந்தது முத்து. சங்கும் துணியும் அதற்கு அடுத்தபடி. கடைசியாக அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்தியது 1961இல். அதன்பின் கடலுக்குள் சிப்பி பெருகவே இல்லை. முத்துநகர் என்ற பெயர் ரயிலுக்கும் கடற்கரைப் பூங்காவுக்கும் மிஞ்சியிருக்கிறது.

ஆழமில்லாத இந்தக் கடலில்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. அப்போது தனுஷ்கோடி வழி கிடையாது. கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து இங்கிருந்துதான் கப்பலேற வேண்டும். அந்தத் தடத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக ஒரு வக்கீல் கப்பல் விட்டார் என்பதை, கரையில் நின்று அந்த மேடான கடலைப் பார்க்கும்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. பயணியைக் கப்பல்வரை கொண்டுபோக ஒரு படகு, சரக்குக்கு ஒரு தோணி, தோணிக்கு ஆள், ஆளுக்குக் கூலி. இத்தனையையும் சேர்த்துக் கட்டியெழுப்பியிருக்கிறார். 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்களுடன் நின்றார். அதே ஆண்டு சிறை, செக்கு. கம்பெனி முறிந்தது. 1936இல் இதே ஊரில்தான் கண்ணை மூடினார். இன்று பெரிய துறைமுகத்துக்கு அவர் பெயர். அந்தப் பெயர்ப் பலகையைக் கடக்கும்போது நண்பர் எப்போதும் வண்டியின் வேகத்தைக் குறைப்பார். அன்றும் குறைத்தார்.

புதிய துறைமுகத்துக்குள் நினைத்தபடி போக முடியாது. வெளியிலிருந்தே பார்த்தோம். 1974இல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் கரைக்கு வராது என்றால் கரையைக் கப்பலிடம் கொண்டுபோவோம் என்று கடலுக்குள் கல்லைக் கொட்டி, ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர்களை எழுப்பினார்கள். தண்டல் பெரியவர் சொன்ன அந்த வெலங்கவை நோக்கிக் கரையே நடந்து போயிருக்கிறது. சாலையில் ஒரு காற்றாலை இறக்கை போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு இறக்கைக்கு ஒரு லாரி. அது வளைவில் திரும்பி முடிக்கும்வரை இருபுறமும் போக்குவரத்து பொறுமையாக நின்றது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், நிலக்கரி, கன்டெய்னர்கள். வேலை நடக்கும் ஊர். சுற்றுலாவுக்காக முகத்தைக் கழுவி வைத்திருக்கும் ஊர் அல்ல. எனக்கு அது பிடித்திருந்தது.

இரவுச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பரோட்டாக் கடைக்குப் பழைய பெயர் நைட் கிளப். இரவில் மட்டும் திறக்கும் கடை என்பதால் வந்த பெயர். பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்து, நொறுக்கி, சால்னாவை ஊற்றி வைக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு பேக்கரிக்குப் போய் மக்ரூன் வாங்கினோம். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்த்து, காகிதக் கூம்பில் பிழிந்து, சூடு தணிந்த அடுப்பில் இரவெல்லாம் வைத்து எடுக்கும் பண்டம். வாயில் வைத்ததும் முதலில் நொறுங்குகிறது. அடுத்த நொடியே இல்லை. பெயர் போர்ச்சுகீசியரோடு வந்தது என்பார்கள். முந்திரியும் அவர்கள் கொண்டுவந்த மரத்தின் கொட்டைதான்.

மறுநாள் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பினோம். முத்தையாபுரம் தாண்டியதும் நண்பர் வண்டியை ஓரங்கட்டி விளக்கை அணைத்தார். கண் பழகச் சற்று நேரம் ஆனது. பிறகு, தரையில் சதுரம் சதுரமாக வானம் கிடப்பது தெரிந்தது. உப்பளப் பாத்திகள். தலையில் டார்ச் கட்டிய நாலைந்து பேர் ஏற்கெனவே இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறினால் உப்பின் வெள்ளையில் கண் கூசும். அதனால்தான் இந்த நேரம்.

வரப்பில் நடந்து போய் ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார். காலில் பழைய சாக்ஸ். அவருக்கு முன்னால் இருந்த பாத்தியில் நீர் அசையாமல் நின்றது. மேலே கண்ணாடித் தகடு போல ஓர் ஏடு. அவர் வாருபலகையை நீட்டிப் போட்டு, உடம்பின் எடை முழுவதையும் பின்னுக்குச் சாய்த்து ஓர் இழு இழுத்தார். அடியில் படிந்திருந்த உப்பு சரசரவென்று உடைந்து பலகையின் முன்னே குவிந்தது. ஆற்று மணலை வாரும்போது வரும் ஓசைக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இது கண்ணாடி வளையல் குவியலைக் கையால் துழாவுவது போன்ற ஓசை. இழுத்து இழுத்து வரப்போரம் சேர்த்தார். தண்ணீர் வடிந்ததும் பெட்டியில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்ட வேண்டும்.

"கொஞ்சம் எடுத்துப் பாருங்க" என்று கையில் வைத்தார். ஒரு கல் முழுசாக மிளகு அளவு இருந்தது. அதன் ஒவ்வொரு பக்கமும் அளந்து வெட்டியதுபோல நேராக இருந்தது. நாக்கில் வைத்தேன். உப்புக்குப் பின்னால் மெல்லிய கசப்பு.

"கசக்குதா? மழ பெஞ்சா கழுவிரும். கடைக்கு வர்றதுக்குள்ள சரியாயிரும்" என்றார். எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்டதற்கு, "கல்யாணத்துக்கு முந்தியே" என்றவர், பேச நேரமில்லை என்பதுபோலப் பலகையை எடுத்தார். அவர் உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேகைகள் எல்லாம் வெடித்து, வெடிப்புகளில் வெள்ளை ஏறியிருந்தது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு இந்தப் பாத்திகளிலிருந்து போகிறது. ராஜம் கிருஷ்ணன் இங்கே வந்து இந்த மக்களோடு பழகித்தான் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். மழைக்காலம் வந்தால் பாத்தி முழுகி வேலை நின்றுவிடும். அத்தனை மாதமும் கூலி கிடையாது. நம் வீட்டு உப்பு ஜாடியை இதற்குமேல் பழையபடி பார்க்க என்னால் முடியவில்லை.

சூரியன் எழுந்ததும் பழையகாயல் வந்தது. காயல் என்றால் கடலோரத்து உப்பங்கழி. இந்தப் பகுதியில் அந்தப் பெயர் மூன்று ஊருக்கு உண்டு: பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம். பெயரே இடம் மாறியதற்குச் சாட்சி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதினார். ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரைகளோடு கப்பல்கள் வந்து நின்ற பெரிய பட்டினம் என்றார். அது இந்தப் பழையகாயல்தான் என்று கண்டு சொன்னவர் பிஷப் கால்டுவெல். அவர் இந்த வயல்வெளியில் நடந்து, சீனப் பீங்கான் துண்டுகளையும் அரேபிய ஓட்டுச் சில்லுகளையும் பொறுக்கியிருக்கிறார். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு டீக்கடையும் வாழைத்தோட்டமும் இருந்தன. குதிரைகள் இறங்கிய துறையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

அங்கிருந்து உள்ளே திரும்பி, வயல் நடுவே போகும் ஒற்றைச் சாலையில் கொற்கை.

சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர்போன ஊர். கிரேக்க மாலுமி ஒருவர் முதலாம் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளஸ் கையேட்டில், பாண்டியருக்குச் சொந்தமான இந்தத் துறையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை வைத்து முத்துக் குளித்தார்கள் என்று ஒரு குறிப்பு உண்டு. படித்தபோது தாண்டிவிட்ட அந்த வரி, இங்கே வந்ததும் மனதை உறுத்தியது. முத்து என்றதும் அரசிகளின் கழுத்துதான் நம் நினைவுக்கு வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போனவன் யாரென்று அந்த மாலுமி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்றைய கொற்கை ஒரு சிற்றூர். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. ஒரு குளம். குளத்துக்குள் அம்மன் கோயில். அக்கசாலை ஈஸ்வரர் கோயில். அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம், பாண்டியரின் நாணயச் சாலை இங்கே இருந்ததை அந்தப் பெயர் சுமந்துகொண்டிருக்கிறது. குளக்கரையில் ஒரு வன்னி மரம். ஊர்க்காரர்கள் அதற்கு இரண்டாயிரம் வயது என்கிறார்கள். அடிமரம் பிளந்து, ஒரு பக்கம் தரையில் கிடந்து, கிடந்த இடத்திலிருந்து மறுபடி நிமிர்ந்து தளிர்த்திருக்கிறது. அதன் பட்டையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். வெயிலில் சுட்டது.

1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. சங்கு அறுத்த துண்டுகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே வரப்பில் நடந்தபோது, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, மண்வெட்டியால் வாய்க்கால் மேட்டை லேசாகக் கீறிக் குனிந்து எதையோ எடுத்து நீட்டினார். சிப்பி. உள்பக்கம் இன்னும் மங்கலாக மின்னியது.

"ஆழத் தோண்டுனா பூரா இதுதான் அண்ணாச்சி. சங்கும் கெடக்கும்" என்றார். கடலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வாழைக்கன்றின் காலடியில் கடல் கிடக்கிறது. நம் ஊரில் எத்தனை பேர் கொற்கையைப் பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம்! நெடுஞ்சாலையிலிருந்து திரும்பினால் சற்று நேரத்தில் வந்துவிடலாம். திருச்செந்தூருக்குப் போகும் ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஒன்றிரண்டாவது தினமும் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எனக்கு மனதார ஆசை.

மறுபடி நெடுஞ்சாலைக்கு வந்து முக்காணிப் பாலத்தில் இறங்கி ஆற்றைப் பார்த்தோம். அகன்ற மணல், நடுவில் மெலிந்த நீர், கரையில் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள். இத்தனை சாதுவான ஆறுதான் கொற்கையைத் தூர்த்தது, காயலைத் தூர்த்தது. சந்தேகம் இருந்தால் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். டிசம்பர் 17, 18 தேதிகளில் இருபத்துநாலு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்த மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம். ஏரலில் பாலம் உடைந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் எண்ணூறு பேர் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள், ஊர்க்காரர்கள் சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். அங்கிருந்த ஒரு கடைக்காரரிடம் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டதும், அவர் பேசாமல் கடைக்கு உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். என் நெற்றிக்கு மேலே இருந்தது.

காயல்பட்டினத்தில் வெயிலுக்கு ஒதுங்கி நடக்க வசதியான குறுகிய தெருக்கள். வீடுகளின் பின்புறமாகப் பெண்கள் புழங்குவதற்கென்றே முடுக்குகள் உண்டு. அந்நிய ஆண்கள் அதில் நுழைவதில்லை, நாங்களும் எட்டிப் பார்க்கவில்லை. அரபு வணிகத்தோடு வந்து தமிழில் கலந்த ஊர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அர்வி இங்கே செழித்திருந்தது. நண்பருக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் களறிச் சாப்பாடு போட்டார்கள். பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் முறை. நான் தயங்குவதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெரியவர் கறித்துண்டை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டே இருந்தார். "வெக்கப்படாதீங்க வாப்பா" என்றார்.

திருச்செந்தூர் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? கூட்டம் அதிகம். நாழிக்கிணற்றில் குளித்தோம், கடலுக்கு இத்தனை பக்கத்தில் அந்த நீர் உப்புக் கரிக்காமல் இருப்பதை எத்தனை முறை வந்தாலும் நம்ப முடிவதில்லை. பன்னீர் இலையில் திருநீறு வாங்கிக்கொண்டு தங்கிவிட்டோம்.

மூன்றாம் நாள் காலை தேரிக்காட்டுக்குள் நுழைந்தோம். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வந்தால் பூமியே சிவந்துவிடுகிறது. மணல்துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத்துரு ஏறிய செம்மணல் மேடுகள், குதிரைமொழித் தேரி. ஆடியில் மலைக்கணவாய் வழியாக வரும் காற்று இந்த மேடுகளைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடும். முந்திரி, உடை, பனை என்று மரங்கள் வளர்த்து ஓரளவு அடக்கியிருக்கிறார்கள். அதன் அடிவாரத்தில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். செம்மணலுக்குக் கீழே மழைநீர் இறங்கி இறங்கி இங்கே சுனையாகக் கசிந்து வருகிறது. இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன்.

திரும்பும்போது வண்டி மணலில் புதைந்தது. எடுக்க எடுக்கச் சக்கரம் இன்னும் கீழே போனது. பனையேறி ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். "ஆஃப் பண்ணுங்க" என்றார் முதலில். இடுப்பில் பாளை அருவாள் செருகிய பெட்டி, நெஞ்சில் மரம் உரசி உரசிக் காய்த்த தோல். உதிர்ந்து கிடந்த பனைமட்டைகளைப் பொறுக்கி, கருக்குப் பக்கம் கீழே இருக்கும்படி சக்கரத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினார். கருக்கின் பல் மணலைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. "இப்ப மெதுவா." ஒரே உந்தலில் வண்டி மேலே வந்துவிட்டது.

அவர் வீட்டில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பனைவிளைக்குள் ஓலைக்கொட்டகை. காலையில் இறக்கிய பதநீர் அகன்ற சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. பொங்கி வரும்போதெல்லாம் அவர் மனைவி நசுக்கிய ஆமணக்கு விதையைத் துளி போட்டார்; நுரை அடங்கி உட்கார்ந்தது. மணிக்கணக்காகக் காய்ந்து கூப்பனிப் பதத்துக்கு வந்ததும் அகப்பையில் எடுத்துக் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கரையவில்லை. இறக்கி, துழாவி, வரிசையாக மணலில் பதித்து வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொன்னேன். "சொன்னாவ. மரம் ஏறத்தான் ஆளு இல்ல. எம் மவன் திருப்பூர்ல இருக்கான்" என்றார் பனையேறி. அவர் எங்களுக்கு ஓலைப்பட்டையில் ஊற்றித் தந்த பதநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு கிலோ கருப்பட்டிக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

வழியில் வந்த குலசேகரப்பட்டினத்தில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கையைத் தவிர்த்து வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேர் தெற்கே வெறும் கடல். இந்தக் கரை எங்கே எதற்கு உதவும் என்று ஒவ்வொரு காலமும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறது.

மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில். கீழே, 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. குன்றில் ஏறிப் பார்த்தால் ஒரு பக்கம் திறந்த கடல் அலையடிக்கிறது. மறுபக்கம் கழிமுகம் அசையாமல் பச்சையாகக் கிடக்கிறது. நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மூன்று நாளில் அதுதான் முதல் முறை.

திரும்பும் வழியில், முந்தின நாள் விட்டுப்போன புன்னைக்காயலுக்குத் திரும்பினோம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். போர்ச்சுகீசியர் காலத்தில் கோட்டை இருந்த ஊர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழில் தந்த அண்டிரிக் அடிகளார் வாழ்ந்தது இங்கேதான். இந்திய மொழியொன்றில் அதன் சொந்த எழுத்திலேயே அச்சேறிய முதல் புத்தகத்துக்கு உரியவர் நடந்த தெருக்களில் வலை காய்ந்துகொண்டிருந்தது.

முகத்துவாரத்தில் பொழுது சாயும் நேரம். ஏழெட்டுப் படகுகள் கடலிலிருந்து திரும்பி வந்து, உள்ளே வராமல் வெளியிலேயே நின்றன. ஆற்றின் வாயில் மணல் மேடிட்டிருக்கிறது. தண்ணீர் ஏறினால்தான் படகு தட்டாமல் உள்ளே வரும். முன்னால் நின்ற படகில் ஓர் இளைஞன் மூங்கில் கழியை நீருக்குள் விட்டு எடுத்து, ஈரம் ஏறிய இடத்தில் கையை வைத்துப் பின்னால் இருந்தவர்களுக்குத் தூக்கிக் காட்டினான். அவன் இடுப்புக்கும் குறைவாக இருந்தது.

கரையில் கூடையோடு காத்திருந்த பெண்களில் ஒருத்தி, "இன்னும் ஒரு மணிக்கூறு ஆவும்" என்று சொல்லிக்கொண்டே மணலில் உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். அவன் சற்று நேரம் பொறுத்து மறுபடி கழியை விட்டான்.